எவ்வளவு இழுக்கலாம்?

ஆஸ்திரேலியாவில் கோடை விடுமுறை நெருங்கும்போது, கேரவன் ஒன்றை வாங்கிக் காரின் பின்னால் பூட்டிக்கொண்டு, குழந்தைகளும் பாட்டியுமாகக் கடற்கரை ஓரமாகப் பிரயாணம் புறப்பட வேண்டும் என்ற ஆசை, சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் முதலிய பகுதிகளில் வாழும் நம்மவர் வீடுகளிலும் இப்பொழுது சகஜமாக எழுந்துவருகிறது. ஆசை எழுந்ததும் குடும்பஸ்தர் முதலில் புரட்டிப் பார்ப்பது காரை விற்ற கம்பெனியார் கொடுத்த விளம்பரப் புத்தகத்தை. அதில் "இழுவைத் திறன் 3,000 கிலோ" என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கும். அந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு கேரவன் கடைக்குப் போய், 2,800 கிலோவுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இன்னும் 200 கிலோ கைவசம் இருக்கிறதே என்று திருப்தியோடு திரும்பி வருகிறவர்கள் பலர். அந்தத் திருப்திக்கு ஆதாரமே இல்லை என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுவதுதான் இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

ஒரு காருக்கு உள்ள எடை வரம்பு ஒன்றன்று, பல. அவற்றில் எது முதலில் நிரம்பிவிடுகிறதோ அதுவே உண்மையான வரம்பு. மற்றவற்றில் எத்தனை இடம் மீதமிருந்தாலும் அதனால் பிரயோஜனம் இல்லை. காரும் அதில் ஏறியிருக்கும் மனிதரும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு கனக்கலாம் என்பது ஜி.வி.எம்.; காரும் கேரவனும் பூட்டிய நிலையில் இரண்டும் சேர்ந்து எவ்வளவு கனக்கலாம் என்பது ஜி.சி.எம்.; முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி உச்ச பாரம் உண்டு; காரின் பின்னே நீட்டிக்கொண்டிருக்கும் டோபால் என்ற இரும்பு உருண்டையின்மேல் எவ்வளவு அழுத்தலாம் என்பதற்கு வேறொரு வரம்பு. கேரவனின் பக்கத்திலோ, கழற்றி நிறுத்திய நிலையில் அது முழுச் சாமான்களோடு எவ்வளவு கனக்கலாம் என்பது ஏ.டி.எம்.; பூட்டிய நிலையில் அதன் சக்கரங்கள்மேல் மட்டும் இறங்கக்கூடிய உச்ச எடை ஜி.டி.எம். கழற்றி நிறுத்திய எடையிலிருந்து, பூட்டியபின் சக்கரங்களில் இறங்கும் எடையைக் கழித்தால் கிடைப்பதே டோபாலில் உட்காரும் எடை.

இந்த எண்களில் காருக்குரியவை வாகனத்தின் தகட்டிலும் உடைமையாளர் கையேட்டிலும், கேரவனுக்குரியவை அதன்மேல் அறைந்திருக்கும் தகட்டிலும், டோபாலைத் தாங்கி நிற்கும் டோபார் என்ற இரும்புச் சட்டத்தின் திறன் அதிலேயே ஒட்டியிருக்கும் தகட்டிலும் இருக்கும். டோபாரின் தகட்டை மறந்துவிடக் கூடாது. கார் 3,000 கிலோ இழுக்கும். ஆனால் முந்தைய உடைமையாளர் சிக்கனத்தை உத்தேசித்து 2,000 கிலோ டோபாரைப் பூட்டியிருந்தால், அந்தக் கார் இழுக்கக்கூடியது 2,000 கிலோதான்.

இனி ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். பெட்ரோல் தொட்டி நிரம்பி, ஆள் ஒருவரும் ஏறாத நிலையில் அதன் காலி எடை 2,250 கிலோ, ஜி.வி.எம். 2,900, ஜி.சி.எம். 5,400, பிரேக் உள்ள ட்ரெய்லரை இழுக்கும் திறன் 3,000, டோபால் வரம்பு 300. ஏழு பேர் அமரும் பெரிய குடும்பக் கார்களின் எண்கள் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும்.

ஜி.வி.எம்.மில் காலி எடையைக் கழித்தால் 650 கிலோ. இது தாராளமானது என்று முதற்பார்வைக்குத் தோன்றும். ஆனால் டோபார் 35 கிலோ. கங்காருவுக்குப் பயந்து முன்புறம் பூட்டிய இரும்புத் தடுப்பு 60. கூரைமேல் ராக் 25. ஆக 120 கிலோ மனிதர் ஏறுவதற்கு முன்பே போய்விட்டது. தகப்பனார் 80, தாயார் 65, பாட்டி 60, பையன் 40, பெண் 30 என்று குடும்பம் 275 கிலோ. பின்பக்கம் உணவோடு கூடிய சிறு ஃபிரிட்ஜ் 45 கிலோ. துணிமணி, நாற்காலிகள், கருவிப் பெட்டி, பத்து கிலோ அரிசி, நம்மவர் வெளியூர் போகும்போது விட்டுச் செல்லாத குக்கர், தோசைக்கல் எல்லாம் சேர்ந்து 100 கிலோ. மொத்தம் 540. மீதம் 110 கிலோதான். டோபாலில் உட்காரும் எடையும் காரின் ஜி.வி.எம்.மிலேயே அடங்க வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். கேரவனின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு டோபாலில் உட்கார வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பொதுவாகக் கைக்கொள்ளும் பிரமாணம். அப்படியானால் 110 கிலோவுக்கு ஏற்ற கேரவனின் எடை என்ன? 1,100 கிலோ. மூவாயிரம் என்று விளம்பரப் புத்தகம் சொன்ன கார், இந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டபின், அதில் பாதிகூட இழுக்க முடியாததாகிவிடுகிறது.

மறுபக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். விளம்பரத்தை நம்பி முழு 3,000 கிலோ கேரவனையே பூட்டுவதாக வைத்துக்கொள்வோம். டோபாலில் 300 போக, அதன் சக்கரங்களில் 2,700 கிலோ. ஜி.சி.எம்.மாகிய 5,400-இல் இதைக் கழித்தால் காருக்கு மிஞ்சுவது 2,700. அதில் டோபாலின் 300 கிலோவைக் கழித்தால் 2,400. காலி எடையைக் கழித்தால் 150. டோபாரைக் கழித்தால் 115. தகப்பனார் ஏறி உட்கார்ந்தால் 35. பெண் ஏறலாம், அவளைவிடப் பத்துக் கிலோ அதிகமான பையன் ஏற முடியாது. தாயாரும் பாட்டியும் ரயிலில் வந்து சேர வேண்டியதுதான்! கம்பெனியார் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்ன எண் குடும்பம் ஏறாத காருக்கு உரியது, அவ்வளவே.

எண்ணை நிர்ணயிக்கும் முறையைப் பார்த்தாலே இது விளங்கும். அமெரிக்காவில் வாகனப் பொறியியலாளர் சங்கமாகிய எஸ்.ஏ.இ., ஜே2807 என்ற பெயரில் இழுவைச் சோதனைக்கு ஒரு பொது முறையை வகுத்திருக்கிறது. அரிசோனா மாநிலத்தில் புல்ஹெட் சிட்டிக்கு அருகே, டேவிஸ் அணை ஏற்றம் என்று வழங்கும் பன்னிரண்டு மைல் அளவான நீண்ட மேட்டுச் சாலை ஒன்று உண்டு. அந்த ஏற்றத்தில் வெயில் நாளில், ஏர் கண்டிஷனரை முழு வேகத்தில் ஓடவிட்டு, பாரத்தை இழுத்துக்கொண்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதன் கடுமையான நிபந்தனைகளுள் ஒன்று. ஆனால் குடும்பக் கார்களைப் பொறுத்தவரை, அந்த எண்ணைக் கணக்கிடும்போது காரில் இருப்பதாகப் பாவிப்பது ஓட்டுபவரையும் பக்கத்தில் ஒருவரையும் மட்டுமே. தலைக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. பின் இருக்கையில் யாரும் இல்லை. இத்தனை கண்டிப்பான சோதனையிலேயே குடும்பத்துக்கு இடமில்லை என்றால், மற்ற விளம்பர எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காலி எடை என்பதற்கும் எங்கும் ஒரே அர்த்தம் இல்லை. ஐரோப்பிய முறையில் குறிக்கும் எடையில் 75 கிலோ ஓட்டுநரும் சேர்ந்திருப்பார், ஆஸ்திரேலிய முறையில் அவர் சேரமாட்டார். ஆகவே எண்ணைப் பார்க்கும்போது அது எந்த முறைப்படி எழுதியது என்பதையும் பார்க்க வேண்டும்.

நாம் எடுத்துக்கொண்ட குடும்பத்துக்கு விமோசனம் இல்லாமல் இல்லை. நெடுஞ்சாலையில் பகலில் மட்டும் போகிறவர்களுக்கு முன்புற இரும்புத் தடுப்பு அத்தியாவசியமன்று. அதைக் கழற்றினால் 60 கிலோ. சாமான்களில் 70 கிலோவைக் காரிலிருந்து கேரவனுக்கு மாற்றினால், டோபாலுக்கு ஆகமொத்தம் 240 கிலோ கிடைக்கிறது. 2,400 கிலோ வரை உள்ள கேரவன் சாத்தியமாகிறது. காரில் 2,900, கேரவனின் சக்கரங்களில் 2,160, சேர்ந்து 5,060, ஜி.சி.எம்.முக்கு உள்ளேதான் இருக்கிறது. தடுப்பைக் கழற்றிச் சாமான்களை இடம் மாற்றியதால் மட்டுமே வரம்பு இவ்வளவு விரிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காரை மாற்ற வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் முதலில் காருக்குள் இருப்பவற்றை வெளியே எடுத்து ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் கேரவனுக்கும் வயிறு சிறியதுதான். அதன் தகட்டில் டேர் என்று குறித்திருப்பது தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோது இருந்த எடை; தண்ணீர்த் தொட்டி காலி, காஸ் சிலிண்டர் காலி, கடைக்காரர் பின்னால் சேர்த்த பந்தல் துணி, இரண்டாவது பாட்டரி முதலியவை பல சமயங்களில் அதில் சேர்வதில்லை. ஏ.டி.எம்.மிலிருந்து டேரைக் கழித்து வரும் எண்ணே நமக்குக் கிடைக்கும் இடம். குடும்பக் கேரவன்களில் அது பெரும்பாலும் 300-லிருந்து 450 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. 95 லிட்டர் தொட்டிகள் இரண்டை நிரப்பினால் 190 கிலோ. ஒன்பது கிலோ சிலிண்டர் இரண்டில் காஸ் மட்டும் 18 கிலோ. கேரவன் பூங்கா ஒவ்வொன்றிலும் குழாய் இருக்கும்போது, சிட்னியிலிருந்தே 190 கிலோ தண்ணீரைச் சுமந்து செல்வதில் ஒரு சாரமும் இல்லை என்பது என் அபிப்பிராயம். நல்லார்பர் போன்ற வறண்ட பிரதேசங்களைக் கடப்பவர் விஷயம் வேறு. தொட்டி அச்சுக்கு முன்னே இருந்தால் அதை நிரப்பும்போது டோபால் எடை ஏறும், பின்னே இருந்தால் இறங்கும். ஆகையால் நிரப்பியும் காலியாகவும் இரண்டு நிலைகளிலும் எடையை அறிந்திருப்பது உத்தமம்.

டோபாலில் உட்காரும் எடை காரை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஜி.வி.எம். கணக்குச் சரியாக இருந்தும் பின் அச்சு தன் வரம்பைத் தாண்டி நிற்பது இதனால்தான். டோபால் இருப்பது பின் அச்சுக்கு நேர்மேலே அன்று, அதற்குப் பின்னால். கிணற்றுத் துலாவின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழும்புவதுபோல, டோபாலை அழுத்தும் பாரம் பின் அச்சை ஊன்றுகோலாகக் கொண்டு காரின் முன்புறத்தைத் தூக்குகிறது. முன் அச்சு இழக்கும் எடையும் பின் அச்சின் தலையிலேயே வந்து விழுகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.8 மீட்டர், பின் அச்சிலிருந்து டோபால் வரை 1.2 மீட்டர் என்று கொண்டால், 240 கிலோவை டோபாலில் வைக்கும்போது முன் அச்சு ஏறக்குறைய 103 கிலோ இலேசாகிறது; பின் அச்சில் ஏறுவது 240 அன்று, 343. ஸ்டியரிங்கும் பிரேக் பலத்தின் பெரும்பகுதியும் முன் சக்கரங்களில் இருக்கின்றன. அவை தரையைப் பற்றுவது குறைந்தால், மழை பெய்த வளைவில் கார் சொன்னபடி திரும்பாது. எடைப் பகிர்வுக் கொக்கி என்று விற்கப்படும் சாதனம் இழந்த எடையில் ஒரு பகுதியை முன் அச்சுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் அது எந்த வரம்பையும் உயர்த்துவதில்லை, சில கார்க் கம்பெனியார் அதைத் தங்கள் கார்களில் அனுமதிப்பதும் இல்லை. பின்புற ஸ்பிரிங்குகளைக் கனமாக்கிக் காரின் பின்பக்கத்தை நிமிர்த்திவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் கண்ணுக்குத் தெரிந்த தாழ்வை மட்டுமே மறைக்கிறார்கள். முன் அச்சு இழந்த எடை இழந்ததுதான்.

இப்படியானால் டோபால் எடையை மிகவும் குறைத்துவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். அதில்தான் பெரிய அபாயம் இருக்கிறது. சாமான்கள் கேரவனின் பின்பகுதியில் குவிந்து டோபால் எடை குறைந்துபோனால், பக்கக் காற்றோ, கடந்து செல்லும் லாரியோ ஒருமுறை தள்ளினாலும் கேரவன் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். வேகம் அதிகமாக இருந்தால் அந்த ஆட்டம் அடங்காமல் வளர்ந்துகொண்டே போய்க் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். இரண்டு சைக்கிள்களைப் பின் பம்பரில் மாட்டுவது சின்னக் காரியமாகத் தோன்றும். அச்சிலிருந்து அவ்வளவு தூரத்தில் மாட்டும் முப்பது கிலோ, ஆட்டத்தைப் பொறுத்தவரை, அச்சுக்கு மேலே வைத்த முப்பது கிலோவைவிட எத்தனையோ மடங்கு கெடுதல் செய்யும். கனமானவற்றைத் தாழ்வாக, அச்சுக்கு அருகே வைப்பதே விதி. ஆட்டம் தொடங்கிவிட்டால் காரின் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, மின்சார பிரேக் உள்ள கேரவனானால் அதன் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல இயக்க வேண்டும். சில ஐரோப்பியக் கார்கள் 2,000 கிலோ இழுக்கலாம் என்று சொல்லிவிட்டு டோபாலில் 100 கிலோவுக்கு மேல் கூடாது என்கின்றன. பத்தில் ஒரு பங்கு டோபாலில் இருக்கும்படி அமைத்த ஆஸ்திரேலியக் கேரவன்களுக்கு அவை பொருத்தமான துணை அல்ல.

பிரேக் பற்றிய சட்டம் சுருக்கமானது. ஜி.டி.எம். 750 கிலோ வரையுள்ள ஒற்றை அச்சு ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை ஓர் அச்சின் இரு சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும், ஓட்டுநர் தம் இடத்திலிருந்தே அவற்றை இயக்க முடிய வேண்டும், ட்ரெய்லர் அறுந்துகொண்டால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளவும் வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி, ஏ.டி.எம். 2,500 கிலோவுக்கு மேற்பட்டால் ஒன்றல்ல, இரண்டு.

சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை போகத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. பிரிட்டனில் கேரவன் சங்கத்தார் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஆலோசனை ஒன்று உண்டு: புதிதாக இழுப்பவர்கள், முழுச் சாமான்களோடு உள்ள கேரவனின் எடை காரின் காலி எடையில் நூற்றுக்கு 85-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; அனுபவசாலிகளும் நூற்றுக்கு நூறைத் தாண்டுவது நல்லதன்று. இதைச் சட்டமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வால் நாயை ஆட்டாமல் இருக்க வேண்டுமானால் நாய் வாலைவிடக் கனமாக இருக்க வேண்டும் என்ற நியாயம் இதில் இருக்கிறது. நம் உதாரணக் காருக்கு நூற்றுக்கு 85 என்பது சுமார் 1,910 கிலோ. கணக்கு 2,400 வரை இடம் கொடுத்தாலும், முதன்முதலாகக் கேரவன் பூட்டும் குடும்பத்துக்கு நான் சிபாரிசு செய்வது 1,900-த்தை ஒட்டிய ஒன்றையே. சிட்னியிலிருந்து மேற்கே நீல மலைகளைக் கடந்து விக்டோரியா கணவாயின் செங்குத்தான இறக்கத்தில் இறங்குகிறவர்களுக்கு இதன் காரணம் உடனே புலப்படும். ஐந்து டன்னை நிறுத்த வேண்டிய வேலை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தைவிட 100 கிலோமீட்டரில் அது நூற்றுக்கு 56 பங்கு அதிகம். இறக்கத்தின் தலையிலேயே கீழ்க் கியருக்கு மாற்றிக்கொண்டு மெல்ல இறங்குவதும், பிரேக்கை ஓயாமல் மிதித்துச் சூடேற்றாமல் இருப்பதும் அப்போது அவசியம். டயர்களின் காற்றழுத்தம், ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் முழுப் பாரத்துக்கென்று குறித்திருக்கும் அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போதே நிரப்பப்பட்டிருக்க வேண்டும்.

இத்தனை கணக்கும் காகிதத்தில் போட்ட கணக்கு. உண்மையைச் சொல்லக்கூடியது எடைமேடை ஒன்றே. பிரயாணத்துக்குப் புறப்படும் நிலையில், குடும்பத்தார் எல்லாரும் காரில் அமர்ந்து, தொட்டியும் சாமான்களும் நிரம்பியிருக்க, பொது எடைமேடைக்குச் சென்று மூன்று முறை நிறுக்க வேண்டும். முதலில் கேரவனைக் கழற்றிவிட்டுக் காரை மட்டும். பிறகு கேரவனைப் பூட்டி, காரின் நான்கு சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி. மூன்றாவதாகக் கேரவனின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் டோபால் எடை. இரண்டாவது எண் ஜி.வி.எம்.முக்கு உட்பட்டிருக்க வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் கூடியது ஜி.சி.எம்.முக்கு உட்பட்டிருக்க வேண்டும். மூன்றாவதோடு டோபால் எடையைக் கூட்டினால் வருவது கேரவனின் ஏ.டி.எம்.மைத் தாண்டக் கூடாது. பூட்டிய நிலையில் காரின் பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி நான்காவது எடையும் எடுத்துவிட்டால் பின் அச்சின் நிலையும் தெரிந்துவிடும். பூட்டியிருக்கையில் காரும் கேரவனும் சமதளத்தில் நின்றால்தான் இந்த எண்களுக்கு மதிப்பு.

எடைமேடையில் கொடுக்கும் எடைச்சீட்டைப் பத்திரமாகக் காரிலேயே வைத்திருங்கள். அதிகப் பாரத்தோடு போய் விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க மறுக்க இடமுண்டு, போலீஸார் நிறுத்திக் கேட்கும்போதும் அந்தச் சீட்டு உதவும். பழைய கேரவனை வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்பே அதை எடைமேடைக்குக் கொண்டுபோகச் சம்மதமா என்று விற்பவரிடம் கேட்டுவிட வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் அந்தக் கேரவனை வாங்க வேண்டாம்.